ஆழம் மட்டும் போதாது: தங்கவயலும் மின்சாரச் சேமிப்பும்

கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளை மின்சாரச் சேமிப்பு நிலையங்களாக மாற்றலாம் என்ற கருத்து கடந்த சில ஆண்டுகளாக ஆய்விதழ்களிலும் கருத்தரங்குகளிலும் பேசப்பட்டு வருகிறது. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது ஒரு பெரும் பாரத்தை மேலே ஏற்றி வைப்பதும், மாலையில் தேவை கூடும்போது அதை இறக்கி மின்சாரம் எடுப்பதுமே இதன் சாரம். இந்தியாவில் இதற்கு ஏற்ற இடம் எது என்று கேட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது கோலார் தங்கவயல்தான். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் ஆகிய பகுதிகளின் குழிகள் பயனற்றுக் கிடக்கின்றன.

இக்கருத்தில் கவர்ச்சி உண்டு. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் தங்கவயலுக்கு அது பொருந்தவில்லை. ஆழம் என்பது சேமிப்பின் பல கூறுகளில் ஒன்று மட்டுமே. எத்தனை மணி நேரத்துக்குச் சேமிப்பு வேண்டும், எவ்வளவு விரைவாக அதை எடுக்க வேண்டும், அதன் பக்கவிளைவு யார் தலையில் விழும் என்ற கேள்விகளைத் தவிர்த்துவிட்டுத் தொழில்நுட்பங்களை ஒப்பிடுவதில் பொருளில்லை. இக்கேள்விகள் தங்கவயலுக்குப் புதியவையும் அல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே அவ்வூரின் பொருட்டு எழுந்தவை அவை.

1902 ஜூன் மாத இறுதியில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீண்ட அந்தக் கம்பித்தடம் அன்றைய உலகின் மிக நீளமான மின்தடங்களுள் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கே மின்விளக்கு 1905-இல்தான் வந்தது. அதாவது மின்சாரம் முதலில் சென்றது நகரத்துக்கு அன்று, சுரங்கத்துக்கு. அதுவரை விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவியால் இயங்கிய பொறிகள் படிப்படியாக மின்சாரத்துக்கு மாறின.

ஆனால் அன்று சிவசமுத்திரத்தில் இருந்தது ஓடும் நீரின் மின்சாரம். கோடையில் காவிரி மெலிந்தால் உற்பத்தியும் மெலிந்துவிடும். சுரங்கத்துக்கோ ஆண்டு முழுவதும் தடையற்ற மின்சாரம் தேவை. ஆழத்தில் ஆட்கள் வேலை செய்யும்போது நீர் இறைக்கும் பொறியும் காற்றோட்டமும் நின்றுவிடக் கூடாது. இன்று காற்றாலையைப் பற்றியும் சூரியத் தகடுகளைப் பற்றியும் சொல்லப்படும் அதே குறை, அதாவது கிடைக்கும் காலமும் தேவைப்படும் காலமும் ஒன்றாக இல்லை என்பது, அன்று ஆற்றைப் பற்றிச் சொல்லப்பட்டது. அதற்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்றுதான் கண்ணம்பாடி அணை. 1911-இல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜ சாகரத்துக்குப் பாசனம் ஒரு நோக்கம் என்றால், சிவசமுத்திரத்துக்குச் சீரான நீர் தந்து தங்கவயலுக்குச் சீரான மின்சாரம் அளிப்பது மற்றொரு நோக்கம். விசுவேசுவரையா அத்திட்டத்தை முன்னெடுத்தபோது இக்காரணம் முதன்மையான இடத்தில் இருந்தது.

ஆகவே தங்கவயலின் முதல் மின்சாரச் சேமிப்பகம் ஓர் அணை. அதன் அளவை இன்றைய அலகுகளில் சொல்லிப் பார்ப்பது பயன்தரும். ஒரு டிஎம்சி நீர் 120 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புகள் போக, ஏறத்தாழ 80 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். கிருஷ்ணராஜ சாகரத்தின் கொள்ளளவு 49 டிஎம்சிக்குச் சற்று மேல். மழைக்காலத்தின் ஆற்றலைக் கோடைக்குக் கொண்டுசெல்லும் வலிமை இந்த அளவில் வேறெந்தத் தொழில்நுட்பத்துக்கும் இன்றுவரை வாய்க்கவில்லை.

அச்சேமிப்புக்கு விலை கொடுத்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். கண்ணம்பாடி என்ற ஊரே நீரில் மூழ்கியது. கீழே தஞ்சைப் படுகையின் பாசனத்தை முன்னிட்டுச் சென்னை மாகாணம் மறுப்புத் தெரிவித்தது. 1914-இல் கிரிஃபின் தீர்ப்பு வந்தது. 1924-இல் இரு அரசுகளுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. காவிரி வழக்கின் நவீன வரலாறு உழவர்களுக்கிடையிலான தண்ணீர்ச் சண்டையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதன் தொடக்கத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் மின்தேவையும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சேமித்து வைப்பது என்றால், இப்போது ஓடவேண்டிய ஒன்றை நிறுத்தி வைப்பது. அது யாருக்காக ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்காத ஒப்பீடு அரைகுறையானது.

இனி ஈர்ப்புச் சேமிப்பின் கணக்கைப் பார்க்கலாம். ஒரு டன் எடையை ஒரு கிலோமீட்டர் உயர்த்தினால் அதில் சேரும் ஆற்றல் 2.7 யூனிட்டுக்குச் சற்று மேல். பள்ளிப் பாடத்தில் வரும் எளிய சூத்திரம்தான் இது. இரண்டு கிலோமீட்டர் நேர்க்குழியில் 10 டன் பாரம் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொண்டால், 200 விநாடிகளுக்கு ஏறத்தாழ ஒரு மெகாவாட் திறன் கிடைக்கும். பாரம் அடியைத் தொடும்போது கிடைத்திருக்கும் மொத்த மின்சாரம் சுமார் 54 யூனிட். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் ஒரு வீடு மாதத்துக்கு 200 யூனிட் வரை கட்டணமின்றிப் பெறலாம். அந்த ஒரு வீட்டின் உச்சவரம்பை நிரப்பவே பாரம் நான்கு முறை இறங்க வேண்டும்.

பாரத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். ஆயிரம் டன் பாரத்தை இரண்டு கிலோமீட்டர் இறக்கினால் கிடைப்பது சுமார் 5,450 யூனிட். இன்று சந்தையில் கிடைக்கும் 20 அடி நீளமுள்ள ஒரு லித்தியம் அயனி பேட்டரிக் கொள்கலன் ஏறத்தாழ 5,000 யூனிட் கொள்கிறது. ஒரு லாரியில் ஏற்றிச் செல்லக்கூடிய பெட்டிக்கு நிகராக, இந்தியாவின் மிக ஆழமான குழிகளில் ஒன்றும் ஆயிரம் டன் இரும்போ கருங்கல்லோ தேவைப்படுகின்றன. குழி ஆழமாக ஆக, எஃகுக் கயிற்றின் சொந்த எடையும் கூடுகிறது. இரண்டு கிலோமீட்டர் தொங்கும் தடித்த கயிறு, பத்து டன் பாரத்தைவிடத் தானே அதிகமாக எடை போடும். சாம்பியன் ரீஃபின் மூன்று கிலோமீட்டர் ஆழமும் ஒரே நேர்க்குழியால் அடையப்பட்டதன்று. மேற்குழியின் அடியிலிருந்து உள்குழிகள் படிப்படியாகக் கீழிறங்கின. பொறியியல் வரம்பு அன்றும் அதுவே, இன்றும் அதுவே.

வெளிநாட்டு முயற்சிகளின் அளவும் இதை உறுதிப்படுத்துகிறது. ஸ்காட்லாந்தின் கிராவிட்ரிசிட்டி நிறுவனம் 2021-இல் எடின்பரோவின் லீத் துறைமுகத்தில் அமைத்த மாதிரிக் கோபுரத்தின் திறன் 250 கிலோவாட். பின்லாந்தின் பியூஹாசல்மி சுரங்கத்தில் 530 மீட்டர் துணைக்குழி ஒன்றுக்கு 2024-இல் அறிவிக்கப்பட்ட திட்டம் 2 மெகாவாட். நொடிப்பொழுதில் மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் இம்முறையால் இயலும். மின்வலையமைப்பின் அலைவெண்ணைச் சீராக்க அது உதவும். ஆனால் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை ஒரு நகரத்தைத் தாங்குவது வேறு வேலை.

தனிப் பாரத்துக்குப் பதிலாக மணலை இறக்கி ஏற்றலாம் என்ற கருத்தும் உண்டு. ஆஸ்திரியாவில் உள்ள பன்னாட்டுப் பயன்முறை அமைப்புப் பகுப்பாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023-இல் இதை முன்வைத்தனர். தங்கவயலில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. நூற்றாண்டுக்கும் மேலாக அரைக்கப்பட்ட பாறைத்தூள் சுமார் 3.3 கோடி டன், சயனைடு மேடுகளாக ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. பத்து லட்சம் டன் மண்ணை ஒரு கிலோமீட்டர் இறக்கினால் ஏறத்தாழ 27 லட்சம் யூனிட் என்று தாளில் வருகிறது. இடர்ப்பாடு வேகத்தில் இருக்கிறது. ஒரு குழி வழியே மணிக்கு 500 டன் மண் இறங்குவதாகக் கொண்டாலும் கிடைக்கும் திறன் ஒன்றரை மெகாவாட்டை எட்டாது. களஞ்சியம் கடலளவு, வாயில் ஊசித்துளை அளவு. மேலும், நச்சு கலந்த தூளை நிலத்தடி நீர் நிறைந்த குழிகளுக்குள் நாள்தோறும் கொட்டி எடுப்பதைச் சுற்றுச்சூழல் அறிந்த எவரும் பரிந்துரைக்க மாட்டார்கள். அம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்திருக்கிறது என்பதும் கருதத்தக்கது.

அடுத்தது நீர். தங்கவயல் மூடப்பட்ட அதே 2001-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கிட்ஸ்டன் தங்கச் சுரங்கமும் மூடப்பட்டது. அதன் இரு திறந்தவெளிப் பள்ளங்களை மேல்நீர்த்தேக்கமாகவும் கீழ்நீர்த்தேக்கமாகவும் கொண்டு 250 மெகாவாட் திறனை எட்டு மணி நேரம் தரவல்ல நீரேற்று மின்நிலையம் ஒன்றின் கட்டுமானம் 2021-இல் தொடங்கியது. தங்கச் சுரங்கம் மின்சேமிப்பகமாக மாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆனால் கிட்ஸ்டனில் இருப்பவை வானம் பார்த்த அகன்ற பள்ளங்கள். தங்கவயலில் இருப்பவையோ செங்குத்தாகச் சரிந்த ஒடுங்கிய தாதுப்படலத்தைத் தொடர்ந்து சென்ற குறுகிய வெற்றிடங்கள். பல இடங்களில் அவை கருங்கல் அடுக்கியும் மண் நிரப்பியும் தாங்கப்பட்டவை. பாறை வெடிப்புக்குப் பெயர்போன சுரங்கம் அது. அடியில் பாறையின் வெப்பம் 65 பாகை செல்சியஸை ஒட்டியிருந்தது. இறைப்பு நின்றபின் குழிகள் நீரால் நிரம்பிவிட்டன. அந்நீரை முதலில் வெளியேற்றவேண்டும். பின் நாள்தோறும் நீரழுத்தத்தை ஏற்றி இறக்கினால் பாறை எப்படி நடந்துகொள்ளும் என்று அறியவேண்டும். குடிநீருக்கே திண்டாடும் கோலார் மாவட்டத்தில், பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை 2018 முதல் ஏரிகளுக்குக் கொண்டுவரும் நிலையில், அந்தச் சோதனைக்கு நீர் எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை வேண்டும்.

அழுத்தக் காற்றுக்கும் இதே தடை. ஜெர்மனியின் ஹுன்டார்ஃபில் 1978 முதலும் அமெரிக்காவின் மெக்கின்டாஷில் 1991 முதலும் இயங்குபவை உப்புப் பாறையில் குடைந்த, காற்று கசியாத குகைகள். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கநகரில் திட்டமிடப்படும் 200 மெகாவாட் நிலையமும் பழைய சுரங்கப்பாதைகளை நம்பவில்லை. தனக்கென்று புதிய பாறைக்குகை குடைவதாகவே அதன் வரைவு இருக்கிறது. நூறு வாயில்கள் கொண்ட தங்கவயலின் வெற்றிடங்களில் காற்றை அடைத்து வைப்பது சல்லடையில் நீர் மொள்வது போன்றது.

தங்கவயலின் ஆழம் ஒருபோதும் வேறு பயன் தரவில்லை என்பதன்று. 1965-இல் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் இணைந்து வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைப் பதிவுசெய்தன. உலக இயற்பியலில் அது முன்னோடிச் சாதனை. ஆனால் அந்த ஆய்வு நடந்தது இயங்கிக்கொண்டிருந்த சுரங்கத்தில். தொழிலாளர்கள் நீர் இறைத்தார்கள், கூண்டுகளை இயக்கினார்கள், பாறையைத் தாங்கினார்கள். அதனால் அறிவியலாளர்கள் கீழே செல்ல முடிந்தது. தொழில் நின்றபின் ஆழமும் பயன்படாமற் போயிற்று. ஆழத்தை ஆழமாக வைத்திருப்பதே நாள்தோறும் செலவு பிடிக்கும் உழைப்பு என்பது இவ்வரலாற்றின் பாடம்.

அப்படியானால் ஏற்றது எது? இந்தியாவின் தேசிய மின்சாரத் திட்டம் 2031-32-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டிருக்கும் சேமிப்புத் தேவை 411 ஜிகாவாட் மணி. அதில் ஏறத்தாழ 236 பேட்டரிகளுக்கும் 175 நீரேற்று நிலையங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இப்பகிர்வின் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரத் தேவைக்கு லித்தியம் அயனி பேட்டரி பொருத்தமானது. செலுத்தும் மின்சாரத்தில் 85 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பக் கிடைக்கிறது. மலையோ நதியோ தேவையில்லை. ஓரிரு ஆண்டுகளில் நிறுவிவிடலாம். ஆறு முதல் பத்து மணி நேரத்துக்கு நீரேற்று நிலையம் மேலானது. திரும்பக் கிடைப்பது 75 முதல் 80 விழுக்காடு என்றாலும் ஆயுள் நீண்டது. கோவை மாவட்டத்தின் 400 மெகாவாட் காடம்பாறை நிலையத்தின் முதல் அலகு 1987-இல் இயங்கத் தொடங்கியது. அன்று ஒரு பேட்டரி வாங்கியிருந்தால் இதற்குள் இரண்டு முறையாவது மாற்றியிருக்க நேர்ந்திருக்கும். ஹைட்ரஜனாக மாற்றி மீண்டும் மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே மிஞ்சும். பருவம் கடந்த சேமிப்புக்கு வேறு வழியில்லாதபோது மட்டுமே அது பொருந்தும்.

நீரேற்று நிலையத்துக்கும் குற்றமற்ற பெயர் இல்லை. ஷராவதி பள்ளத்தாக்கில் முன்மொழியப்பட்டுள்ள 2,000 மெகாவாட் திட்டம் சோலைமந்திகளின் சரணாலயத்தைத் தொடுவதால் கடும் எதிர்ப்பைச் சந்தித்து வருகிறது. பேட்டரிக்கும் அப்படியே. செல்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் நிலையத்தில் பற்றிய தீ, மக்களை வீடுகளைவிட்டு வெளியேறச் செய்தது.

எல்லாவற்றினும் மலிவான சேமிப்பு ஒன்று உண்டு. அது ஒப்பீட்டு அட்டவணைகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. மின்சாரம் மிகும் நேரத்துக்குத் தேவையை நகர்த்துவதே அது. கோலார் மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பல ஆயிரம் அடியையும் தாண்டியவை. அவற்றை இயக்கப் பெருமளவு மின்சாரம் செலவாகிறது. அந்த இறைப்பை நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு மாற்றி, தொட்டியிலும் பண்ணைக்குட்டையிலும் நீரைத் தேக்கினால், அதுவே சேமிப்பு. இரவில் பாம்புக்கும் இருளுக்கும் அஞ்சி மோட்டார் போடச் செல்லும் உழவருக்கு அது விடுதலையும் ஆகும். புதிய குழியும் வேண்டாம், இறக்குமதிப் பெட்டியும் வேண்டாம்.

ஆகவே மாரிகுப்பத்துக்குச் சொல்லத்தக்கது இதுதான். ஆழ்குழிகளை விட்டுவிட்டு, சுரங்க நிறுவனத்தின் பெயரில் கிடக்கும் உறுதியான தரிசு நிலத்தைப் பார்க்கவேண்டும். அங்கே சூரியத் தகடுகளும் நான்கு மணி நேரப் பேட்டரி நிலையமும் அமைவது பொறியியல் அளவில் எளிது. அருகிலேயே பெங்களூர் என்னும் பெருந்தேவை இருக்கிறது. சயனைடு மேடுகளின் மேல் எதையும் நிறுவுவது அறிவுடைமை ஆகாது. இளகிய மண், காற்றில் பறக்கும் தூள், மீண்டும் தோண்டப்படும் வாய்ப்பு ஆகிய மூன்றுமே எதிராக நிற்கின்றன.

ஆனால் பேட்டரி நிலையத்துக்கு ஆள் அதிகம் தேவைப்படாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை தந்த சுரங்கத்தின் இடத்தில் சில பத்துப் பேர் மட்டுமே பணிபுரியும் கொள்கலன் வரிசை அமையும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், பெரும்பாலும் தலித் குடும்பத்தினர், இன்றும் விடியலுக்கு முன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். அவர்களுடைய லைன் வீடுகளைக் கடந்து செல்லும் கம்பியில் பெங்களூரின் மாலைநேர மின்சாரம் ஓடும் என்றால், 1902-இன் கதை வேறு திசையில் மீண்டும் நடக்கிறது என்றே பொருள். அன்று வெளியூர் ஆற்றின் ஆற்றல் இங்கிருந்த பொன்னை எடுக்க வந்தது. இனி இவ்வூர் வெயிலின் ஆற்றல் வெளியூரை ஒளிரச்செய்யப் போகும்.

அதைத் தடுக்கும் வழி திட்டத்தை எதிர்ப்பதன்று. அதற்கு நிபந்தனை விதிப்பது. நிலத்தடி நீரும் மேடுகளின் தூசியும் பற்றிய அளவீடுகள் முதலில் பொதுவில் வைக்கப்படவேண்டும். குடியிருப்பு உரிமை பற்றிய நீண்டநாள் கேள்வி, நிலம் குத்தகைக்குப் போகும் முன் தீர்க்கப்படவேண்டும். குத்தகை வருவாயில் ஒரு பங்கு நகராட்சிக்குச் சட்டப்படி சேரவேண்டும். நிலையத்தின் பராமரிப்புப் பணிகளுக்கு உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். இவை கருணைக்கோரிக்கைகள் அல்ல. ஒரு யூனிட் சேமிப்பின் உண்மையான அடக்கவிலையில் இவையும் அடங்கும்.

சேமிப்புத் தொழில்நுட்பங்களை ஒப்பிடும் ஆய்வேடுகளில் வழக்கமாக நான்கு பத்திகள் இருக்கின்றன: செலவு, திறன், ஆயுள், திரும்பக் கிடைக்கும் விழுக்காடு. எவருடைய நிலம், எவருடைய நீர், எவருக்கு மின்சாரம் என்ற மூன்று பத்திகளையும் அவற்றோடு சேர்த்தால் அட்டவணையின் வரிசை பல இடங்களில் மாறிவிடும். தங்கவயலுக்கு அந்த அட்டவணையை இன்னும் எவரும் முழுமையாகத் தயாரிக்கவில்லை என்றால், பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள ஆற்றல்துறை மாணவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள ஆய்வுத்தலைப்பு வேறு இருக்க முடியாது.